பரணில் வைத்த கண்ணாடி

அடிவாரம், பழனி
3 ஜனவரி 1959, சனிக்கிழமை

தங்கை அன்னக்கொடிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இம்முறை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நான் கேட்டு நீ கொடுத்தனுப்பிய பெட்டியை இன்று காலை லாரிக்கார ஞானவேல் என் மகன் வேலுச்சாமியின் கடையில் இறக்கிவிட்டுப் போனான். பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவே நின்றபடியே திறந்தேன். உள்ளே இருந்தது என் கண்ணாடி அல்ல. கரி பிடித்த தோசைக்கல் ஒன்றை வட்டமாக வெட்டி வைத்தாற்போல் இருந்தது.

சென்ற ஆண்டு அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமையன்று நான் வில்பட்டியிலிருந்து கீழே இறங்கினேன். என் மார்ச்சளிக்கு மழைக்காலத்தை மலையில் கழிக்கக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. என் விருப்பம் அல்ல. புறப்படுமுன் பெட்டியை உன் கையில் கொடுத்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இந்த வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் எதுவோ, அங்கே வை" என்றேன். நீ தலையாட்டினாய்.

அது என்ன பொருள் என்பது உனக்குத் தெரியாதது அல்ல. நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றபின் இரண்டு ஆண்டுகள் உன் கண்ணெதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணாடியை நான் கையால் தேய்த்துக் குழி எடுத்தேன். சென்ற ஜூன் மாதம்தான் அதன் முகத்தில் மறுபடியும் புதிதாக வெள்ளி பூசினேன். அந்த வெள்ளிதான் வானத்து ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் என் தொலைநோக்கி ஒரு மரக்குழாய், அவ்வளவே.

மெஸியர் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த பட்டியலில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பாக்கி என்பதையும் நீ அறிவாய். எழுபத்து நான்காம் எண். மீன ராசியில் இருக்கும் நட்சத்திர மண்டலம். கண்ணாடியில் ஊதிய மூச்சு மறையப்போகும் தறுவாயில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அது தெரியும். நிலவுள்ள நாளில் அதுவும் தெரியாது. பிப்ரவரி 7, தை அமாவாசை. அதற்குப் பின் அது மேற்கே சாய்ந்து அந்தி வெளிச்சத்தில் மூழ்கிவிடும். மூன்று பருவங்கள் மேகத்திடம் தோற்றேன். நான்காவது பருவத்தில் தோற்றால் அது மேகத்திடம் அல்ல, உன்னிடம்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்கிறேன். சென்ற ஆவணியிலிருந்து களத்தில் பூண்டுக்குப் புகைக்கொட்டகை போட வேண்டும் என்கிறாய். களத்தின் நடுவே என் தொலைநோக்கி நிற்கும் கல்தூண் இருக்கிறது. கண்ணாடி போனால் தூணுக்கு வேலை இல்லை என்று கணக்குப் போட்டாயா?

நல்லுசாமி

*

வில்பட்டி
மார்கழி கடைசி வெள்ளிக்கிழமை

அண்ணனுக்கு அன்னக்கொடி எழுதுறது.

ஒங்க கடிதாசி வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கேக்காட்டியும் சொல்றது மொறை.

ஈரம் அண்டாத எடத்துல வையின்னு சொன்னீங்க. வச்சேன். இந்த வீட்டுல ஐப்பசி மழைக்கு ஈரம் அண்டாத எடம் ஒண்ணே ஒண்ணுதான். அடுப்புக்கு மேல பரண். அரிசிப்பானை பூஞ்சணம் பூக்குது, தலகாணி பூக்குது, செவுத்துல மாட்டியிருக்கிற முருகன் படம்கூடப் பூக்குது. பரண் மட்டும்தான் காஞ்சு கெடக்கு. நம்ம அப்பா காலத்துலருந்து வெதைப்பூண்டை அங்கதான் போட்டுக் காப்பாத்துறோம். அந்த எடத்தை ஒங்க பெட்டிக்குக் குடுத்தேன். வேற யாருக்கும் குடுத்திருக்க மாட்டேன்.

கரின்னு எழுதியிருக்கீங்க. கரி இல்ல. கரி பட்டுரக் கூடாதுன்னு பெட்டியை என் கல்யாணச் சேலையில சுத்தி வச்சேன். தீவாளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டுத் தொறந்து பாத்தேன். ஓரத்துல மஞ்சளா, அப்பறம் ஊதாவா ஏறிக்கிட்டு இருந்துச்சு. நம்ம வீட்டு வெள்ளிக் கும்பாவும் இப்படித்தான் ஏறும். அதுக்கு என்ன செய்வோம்? விபூதி போட்டுத் தேய்ப்போம். நீங்க அனுப்பின மலைக்கோயில் விபூதியத்தான் போட்டு மெதுவாத் தேய்ச்சேன். கொஞ்சம் வெளுத்துச்சு. கொஞ்சம் கையோட வந்துருச்சு. மேல தேய்க்கப் பயந்து திரும்பச் சுத்தி அங்கயே வச்சுட்டேன்.

இதுதான் நடந்தது. கணக்குப் போட்டாயான்னு கேட்டீங்களே, அதுக்கு நான் பதில் எழுத மாட்டேன். கூடப் பொறந்தவகிட்ட கேக்குற கேள்வியா அது? எனக்குக் கொட்டகை வேணும்னா மொகத்துக்கு நேரா கேப்பேன். கேட்டேன். நீங்கதான் வானத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க.

அன்னக்கொடி

*

அடிவாரம், பழனி
12 ஜனவரி 1959, திங்கட்கிழமை

அன்னக்கொடிக்கு,

தேதியில்லாத உன் கடிதம் இன்று கிடைத்தது. மார்கழி கடைசி வெள்ளி என்பது ஜனவரி 9. அதை எழுத உனக்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

விபூதி. இந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வெள்ளிப் பூச்சின் கனம் ஒரு தலைமயிரில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. பஞ்சால் தொடவே நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். அதன்மேல் நீ விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாய், கும்பாவைத் தேய்ப்பது போல. கண்ணாடியின் குழியே கீறியிருக்குமானால் என் இரண்டு ஆண்டு உழைப்பும் உன் தீபாவளியோடு போயிற்று.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் போதிக்கும் தண்டாயுதபாணியிடம் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. முகர்ந்தார். பிறகு சிரித்தார்.

"பூண்டுங்கய்யா. பூண்டுல கெந்தகம் இருக்கு. வெள்ளியும் கெந்தகமும் ஒரே வீட்டுல இருந்தா வெள்ளி கறுத்துப் போகும். ஒங்க வானத்துல இனிமே ரசம் வாசனைதான் வரும்" என்றார்.

வகுப்பிலிருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். அறுபத்தெட்டு வயதில் இதையும் கேட்க வைத்தாய்.

ஆக, ஈரம் கெடுக்கவில்லை, புகையும் கெடுக்கவில்லை. மூன்று மாதம் என் கண்ணாடியைப் பூண்டோடு படுக்கவைத்து நீ கெடுத்தாய். உனக்குத் தெரியாது என்பாய். தெரியாதவர் தொடாமல் இருந்திருக்கலாம். இரும்புப் பெட்டி இருந்தது. அலமாரி இருந்தது.

இனி இந்த ஏற்பாடு நடவாது. வீடும் களமும் நம் இருவருக்கும் பொது என்று அப்பா எழுதிவைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஊரார் நிலத்தை அளந்து கல் நட்டவன் நான். பூசக் கூட்டம் வடிந்து பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அளவுச் சங்கிலியோடு வருகிறேன். களத்தைச் சரிபாதியாக அளந்து கல் நடுவேன். உன் பாதியில் நீ கொட்டகை போட்டுக்கொள். என் பாதிக்குள் பூண்டுத் தோல் ஒன்று பறந்து வரக் கூடாது.

நல்லுசாமி

*

வில்பட்டி
பொங்கலுக்கு மறு திங்கள்

அண்ணே,

பொங்கல் அன்னைக்கு ஒங்க கடிதாசியக் கையில குடுத்தான் தபால்காரன். பானை பொங்கிக்கிட்டு இருக்கு, நான் "சரிபாதியாக அளந்து கல் நடுவேன்"ன்னு படிச்சுக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் "என்னக்கா, அண்ணன் என்ன சீர் அனுப்பியிருக்காரு?"ன்னு கேட்டா. கல்லுன்னு சொன்னேன்.

இத எழுதக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப எழுதுறேன்.

பூண்டோட படுக்க வச்சேன்னு எழுதியிருக்கீங்க. ஒங்க பெட்டி வைக்கிறதுக்காகப் பரண்ல இருந்த வெதைப்பூண்டுல பாதிய நான் எறக்கினேன். பெட்டிமேல ஒரு பூண்டுகூட உரசக் கூடாதுன்னு சுத்திலும் எடம் விட்டேன். எறக்கின பூண்ட எங்க வைக்கிறது? நீங்க சொல்ற அலமாரியிலதான் வச்சேன். கார்த்திகைத் தீபத்தன்னைக்குத் தொறந்தா அம்புட்டும் முளை கட்டி, பாதி அழுகிக் கெடக்கு. அள்ளி எருக்குழியில கொட்டினேன். சித்திரைக்கு வெதைக்க எனக்குப் பாதிதான் இருக்கு. மேல வயலு இந்த வருஷம் சும்மாத்தான் கெடக்கப் போகுது. நான் ஒங்ககிட்ட சொன்னேனா? ஒரு வார்த்த கேட்டேனா? ஒங்க கண்ணாடிய அலமாரியில வச்சு, என் பூண்டப் பரண்லயே விட்டிருந்தா எனக்கு ஒரு நட்டமும் இல்ல.

கொட்டகை கேட்டது எதுக்கு? வீட்டுக்குள்ள பூண்டுக்குப் புகைமூட்டம் போட்டு என் கண்ணு ரெண்டும் வெந்து போச்சு, அதுக்கு. ஒங்க தூண இடிக்க இல்ல.

ஆடலூர்ல என் மக லீலாவுக்கு மாசம் நெருங்கிருச்சு. அவ மாமியாருக்குக் கை முறிஞ்சு கெடக்கு. நான் நாளைக்கே கெளம்புறேன். சாவி குப்பம்மாகிட்ட இருக்கு. நீங்க வந்து நல்லா அளங்க. யாரும் தடுக்க மாட்டாங்க.

மிச்சம் இருக்கிற வெதைப்பூண்டு பரண்லதான் இருக்கு. மூடுபனி விழுந்தா ஏறித் தொட்டுப் பாக்கணும். ஒண்ணு முளை கட்டியிருந்தாலும் அன்னைக்குச் சாயங்காலமே மூட்டம் போடணும், மறுநாள்ன்னு தள்ளினா எல்லாம் போயிரும். குப்பம்மாவுக்கு ஏணி ஏற முடியாது. இத ஒங்களச் செய்யச் சொல்லி எழுதல. அது எந்தப் பாதியில வருதுன்னு நீங்களே அளந்து பாத்துக்கங்க.

அன்னக்கொடி

*

வில்பட்டி
2 பிப்ரவரி 1959, திங்கட்கிழமை

அன்னக்கொடிக்கு,

ஜனவரி 28, புதன்கிழமை மாலை வத்தலக்குண்டு வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். காவடியும் மொட்டையுமாகப் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். சங்கிலியைக் காலடியில் போட்டிருந்தேன்.

எழுதியபடியே நீ ஒரு வாரம் முன்னரே ஆடலூருக்குப் போய்விட்டாய் என்று குப்பம்மாள் தெரிவித்தாள். சாவியைக் கொடுக்கும்போது அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏண்ணே, தங்கச்சி வீட்டுல கல் நட வந்தீங்களாமே? மேக்கால நடுறீங்களா, கெழக்கால நடுறீங்களா? என் ஆட்டுக்குட்டியக் கட்ட ஒரு கல்லு வேணும்."

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நல்லது.

என் புகார்கள் பின்வருவன. உன் கொட்டகைக்கு மேஸ்திரி கொண்டுவந்த செங்கல்லைத் தூணுக்கு மேற்கே அடுக்கச் சொன்னது யார்? நான் பார்க்க வேண்டியது மேற்கே இறங்கும் பொருள். அத்தனையையும் இந்த மார்ச்சளியோடு நானே வேறிடத்தில் அடுக்கினேன். அடுத்து, காய்ந்த விறகு வீட்டில் இல்லை. அடுத்து, உன் அலமாரியைத் திறந்தால் அழுகல் நாற்றம் இன்னும் போகவில்லை.

அந்த அலமாரியின் முன் நான் சற்று நேரம் நின்றேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை.

கண்ணாடி விஷயம். பழைய வெள்ளியைத் திராவகத்தில் கரைத்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். குழியில் கீறல் இல்லை. விபூதி அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜனவரி 31, சனிக்கிழமை புதிதாக வெள்ளி பூசினேன். வெள்ளி படிவதற்குச் சர்க்கரைக் கரைசல் வேண்டும். உன் டப்பாவிலிருந்து எடுத்தேன். கண்ணாடி இப்போது முற்றத்து அறையில், பரணிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

நேற்று மாலை குழாயில் பொருத்தி மீன ராசிக்குத் திருப்பினேன். வழிகாட்டும் நட்சத்திரம் கிடைத்தது. அதற்குச் சற்றுக் கிழக்கே எழுபத்து நான்கு இருக்க வேண்டும். மங்கலான பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் எதையோ பார்ப்பதுபோல் பார்வையை ஒதுக்கினால்தான் அது ஓரக்கண்ணில் தட்டுப்படும். ஒதுக்கினேன். ஏதோ இருக்கிறதோ என்று தோன்றிய கணத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏழாம் தேதிக்குள் விலகவில்லையானால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

களத்தை இன்னும் அளக்கவில்லை. சங்கிலியில் ஈரம் இருந்தது.

லீலாவுக்கு என் ஆசி.

நல்லுசாமி

*

வில்பட்டி
12 பிப்ரவரி 1959, வியாழக்கிழமை

அன்னக்கொடிக்கு,

உன் விதைப்பூண்டு நலம். நான் நலமில்லை. காரணத்தை வரிசையாக எழுதுகிறேன். நீ முழுவதையும் படித்தாக வேண்டும்.

நான் சொன்ன மூடுபனி ஆறாம் தேதி இரவு வரை கிடந்தது. ஏழாம் தேதி, சனிக்கிழமை, தை அமாவாசை. சூரியன் மறைந்ததும் யாரோ போர்வையை உருவினாற்போல் பனி கீழே இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட வானத்தை நான் வில்பட்டியில் பார்த்ததில்லை. நட்சத்திரங்கள் மினுங்கவே இல்லை. ஆணி அடித்தாற்போல் நின்றன. ஆண்ட்ரோமீடா மண்டலம் வெறும் கண்ணுக்கே நீளமாகத் தெரிந்தது. களத்தில் குழாயை நிறுத்தினேன். கண்ணாடியைப் பொருத்தினேன். வழிகாட்டி நட்சத்திரத்தையும் பிடித்துவிட்டேன்.

குல்லா எடுக்க உள்ளே வந்தேன். சமையலறையைக் கடக்கும்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. அதை நினைவுபடுத்திக்கொண்டதற்கு என்னையே நொந்துகொள்கிறேன். ஏணியில் ஏறினேன். பூண்டு கைக்குக் குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். ஒன்றில் பச்சை நுனி.

நம் வீட்டில் புகைபோக்கி கிடையாது. மூட்டம் போட்டால் புகை ஓட்டின் சந்து வழியாக வெளியேறிக் களத்தின் மேல்தான் படுக்கும். அது உனக்கும் தெரியும். பார்த்துவிட்டுப் பிறகு மூட்டலாம் என்று எண்ணினேன். பனி திரும்ப ஏறுமுன் அது எத்தனை நேரம் கிடைக்கும்? ஒரு மணியா, இரண்டா? எழுபத்து நான்கைப் போன்ற ஒன்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன் என்று சொல்பவன் பொய்யன். நீயோ தள்ளிப்போட்டால் எல்லாம் போகும் என்று எழுதியிருந்தாய்.

மூட்டினேன்.

அடுப்பை ஊதியவனுக்குக் கண் இருட்டில் பழகாது. புகையில் இரண்டு கண்ணும் சிவந்து நீர் கொட்டிற்று. நீ மழைக்காலம்தோறும் இதைச் செய்கிறாய் என்பதை இப்போது நேரில் அறிந்துகொண்டேன். மார்ச்சளி திரும்பிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் களத்தின் மேல் வெள்ளைப் பாய் விரித்தாற்போல் புகை. குழாயின் வாயைத் துணியால் மூடினேன். புகைக்கு மேலே அந்த வானம் அப்படியே நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்காதே.

மறுநாள் பனி. அதற்கு மறுநாளும் பனி. இன்று நிலவு வளர்ந்துவிட்டது. இந்தப் பருவம் முடிந்தது.

அடுத்து அது வசதியாக உயர்ந்து நிற்கும் அமாவாசை நவம்பர் 30, திங்கட்கிழமை. அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். வைத்தியர் என்ன சொன்னாலும் சரி. முளைவிட்ட அந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவை கெட்டியாகிவிட்டன.

நல்லுசாமி

*

ஆடலூர்
18 பிப்ரவரி 1959, புதன்கிழமை

அண்ணே,

தேதி போட்டிருக்கேன். பாத்துக்கங்க.

லீலாவுக்குப் பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க. அப்பறம்தான் ஒங்க கடிதாசியப் பிரிச்சேன்.

காஞ்ச வெறகு இல்லன்னு முன்ன எழுதியிருந்தீங்க. அப்ப மூட்டத்துக்கு என்னத்தப் போட்டீங்க? குப்பம்மா மகன் இந்தப் பக்கம் மெளகு வாங்க வந்தான், அவன்கிட்ட கேட்டேன். தைலமரக் கட்டையாம். அம்புட்டும் படிச்ச மனுசனுக்கு இது தெரியாதா? வெதைப்பூண்டு பூராம் இப்ப தலவலித் தைலம் மாதிரி நாறும். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால சீகைமர வெறகு ஒரு அடுக்கு கெடக்கு. குனிஞ்சு பாத்தாத் தெரியும். நீங்க எங்க குனியிறீங்க.

மார்ச்சளியோட அடுப்படியில உக்காரச் சொல்லி நான் எழுதல. பூண்டு போனாப் போகுதுன்னு விட்டிருந்தா நான் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். இப்பவும் திட்டத்தான் போறேன். மிளகுக் கசாயம் வச்சுக் குடிங்க. முளை விட்ட அந்த ஒண்ண வச்சுக்கிட்டு என்ன செய்யிறீங்க, கொல்லையில ஊனுங்க.

நவம்பர் வரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு மூட்டமும் வேண்டாம். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிட்டேன். கொட்டகை களத்துல இல்ல. கெணத்துக்குக் கீழ, கோஸ் பாத்தியில வருது. அங்க காத்து பள்ளத்துப் பக்கமாத்தான் போகும். ஒரு பாத்தி போகும், போகட்டும். நீங்க எடுத்து அடுக்கின செங்கல்ல அங்க கொண்டு போகச் சொல்லுங்க, நீங்க தூக்காதீங்க.

மேஸ்திரி போட்டா கோணலாத்தான் போடுவான். சங்கிலி கொண்டு வந்திருக்கீங்கல்ல. நாலு மூலையும் நேரா அளந்து கல் நட்டுக் குடுங்க.

அன்னக்கொடி